முதல் கையெழுத்து

தேர்தல் தேதி இன்னும் வரவில்லை, அண்ணன் வந்துவிட்டார். தாம்பரம் பக்கம் எந்தத் தெருமுனையிலும் அவரைப் பார்க்கலாம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, துணி வழியாகத் தெரியும்படி பையில் தலைவர் படம், எப்போதும் கூப்பிய கை. கும்பிட்டுக் கும்பிட்டுப் பழகிப்போனதால் ஏடிஎம் காவலாளிக்கும் துணிக்கடை வாசல் பொம்மைக்கும் ஒரே பணிவுதான். அவருக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் தேவைப்படுவதில்லை. எழுபது வயதுப் பெரியவரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளோடு பக்கத்துப் பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். மொத்தம் 70 வார்டுகள். அதுவரை குழி மூடுவதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த அண்ணன், மறுநாளிலிருந்து தொலைநோக்குத் திட்டம் பேச ஆரம்பித்தார். வழவழத் தாளில் அச்சடித்த 'பத்து முன்னுரிமைகள்' இப்போது வீடு வீடாக வருகிறது.

முதலாவது, தெரு நுழைவாயிலில் அலங்கார வளைவு. இரண்டாவது, முச்சந்தியில் ஹைமாஸ் விளக்கு. பிறகு பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள், பேவர் பிளாக் நடைபாதை, பேருந்து நிழற்குடை. வரிசை என்ன கணக்கில் போட்டது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்தபின் மனிதர் மேல் மரியாதையே வந்துவிட்டது. எதன்மேல் கல்வெட்டுப் பதிக்கலாமோ, எதன் முன்னால் நின்று ரிப்பன் வெட்டலாமோ, அதெல்லாம் மேலே. மண்ணுக்கு அடியில் போகும் குழாயும் வடிகாலும் பத்தாவது இடத்தில் 'இன்ன பிற அடிப்படை வசதிகள்' என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டன. சாக்கடைக் குழாய்க்குள் இறங்கி யார் ரிப்பன் வெட்டுவது?

வாய்ப்பேச்சில் மட்டும் அது முதலிடம். "ஜெயிச்சதும் என் முதல் கையெழுத்து பாதாளச் சாக்கடைக்குத்தான் சார்." கவுன்சிலர் தன்னிச்சையாகக் கையெழுத்துப் போட்டுத் திட்டத்தைத் தொடங்கிவிட முடியாது. நிர்வாகம் ஆணையர் கையில். மேயரையே 2022-இல் கவுன்சிலர்கள் கூடித்தான் தேர்ந்தெடுத்தார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் அண்ணன் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பேசிக்கலாம் சார், பூத் சிலிப் வந்துச்சா?" என்பார்.

அவரை ஒரேயடியாகக் கிண்டல் செய்துவிடவும் முடியாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. தண்ணீர் லாரி வராத அன்று, இறப்புச் சான்றிதழ் கிடைக்காத அன்று, ஃபியூஸ் போன ராத்திரி, யாரிடம் போவது? அண்ணனிடம்தான் போனோம். போனை எடுத்தார். எந்த லைன்மேன் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பெருகும் நகரத்தின் வேலைகளில் பாதி போனில் முடியாது என்பதுதான் சிக்கல்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் மிச்சம் செம்பாக்கம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து நன்மங்கலம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். மேற்கே 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூர்த் தெருக்களில் படகு போனது. மழைநீருக்கு வார்டு எல்லை தெரியாது. அண்ணனுக்கு அதுதான் அத்துப்படி. தேங்கிய தண்ணீரைக் காட்டினால் கால்வாய் நடுவில் கோடு கிழித்து, "இந்தப் பக்கம் நம்மளது. அந்தப் பக்கம் அடுத்த வார்டு சார்" என்று கையை விரிப்பார்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் நடுவில் இடி விழுந்தது: வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்பது தமிழ்நாட்டுச் சட்டம். அண்ணன் ஒரு ராத்திரி மட்டும் வருந்தினார். விடிந்ததும் சுவரொட்டியில் அண்ணி. அதாவது, அண்ணன் ஆளுயரத்தில். அண்ணி தபால் தலை அளவில். "உங்கள் வேட்பாளர்" என்ற எழுத்து எந்தப் படத்துக்குக் கீழே வருகிறது என்று பார்ப்பவர்கள் குழம்பட்டும் என்றே வடிவமைத்தது போலிருந்தது.

வாக்குக் கேட்டு வந்தபோது அண்ணன் முன்னால், ஆரத்தித் தட்டுகளுக்குப் பின்னால் அண்ணி. கும்பிட்டு நகர்வது என்பதே ஏற்பாடு. எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் அண்ணி மட்டும் நின்றுவிட்டார். "கழிவுநீர் லாரிக்கு மாசம் எவ்வளவுங்க ஆகுது?" என்று கேட்டார். அவ்வளவுதான், அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். எந்த வீட்டில் தொட்டி சீக்கிரம் நிரம்புகிறது, எவர் வீட்டு போரில் தண்ணீர் நாறுகிறது, லாரிக்காரன் மழைக்காலத்தில் எவ்வளவு ஏற்றுகிறான் என்று எல்லாம் வந்தது. அண்ணி துண்டறிக்கையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே இருந்தார். அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "இப்படி வாசலுக்கு வாசல் நின்னா எப்பம்மா வார்டை முடிக்கிறது?"

என்னைக் கேட்டால், அந்தத் தாளின் முன்பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பின்பக்கத்தை அச்சடிக்கலாம்.

பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்ல ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். அடுத்த சபை உங்கள் பக்கம் கூடும்போது தவறாமல் போங்கள். அண்ணன் சால்வையோடு வருவார், வரட்டும். வளைவு, விளக்கு எதையும் கேட்க வேண்டாம். புதிதாகக் கட்டிய வடிகால் எங்கே போய் முடிகிறது என்று மட்டும் கேளுங்கள். அண்ணனைக் கேட்காதீர்கள், அண்ணியைக் கேளுங்கள்.