அப்டேட் மாமா

திருவனந்தபுரம் கரமனை அக்கிரகாரத்தில் தெருவுக்கு ஒருவர் வீதம் இந்த மாமா இருக்கிறார். பெயர் மாறும், வீடு மாறும், மற்றபடி ஆள் ஒன்றுதான். ஏ.ஜி. ஆபீஸில் ஆயுளில் பாதியைப் பிறர் கணக்கில் குற்றம் கண்டுபிடிப்பதில் கழித்து ஓய்வு பெற்றவர். பிள்ளை பெங்களூரில் அல்லது டல்லாஸில். "அப்பா இனிமே பஸ்ஸுல தொங்கப்படாது" என்று அந்தப் பிள்ளை ஆன்லைனில் படம் பார்த்து வாங்கிக் கொடுத்த டீசல் கார் வாசலில் நிற்கும். மேலே திறக்கும் கூரை, முன்னால் டி.வி. போலத் திரை, நாலு பக்கமும் கேமரா. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முறையாக வீட்டுக்குள்ளே, மன்னிக்கவும், வீதிக்குக் கொண்டுவந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகாரத்து வீட்டில் காருக்கு ஏது இடம்?

அந்தக் காலத்தில் வண்டி நடுரோட்டில் நின்றால் மானம் போகும். அம்பாசடர் நின்றுவிட்டால் உள்ளே இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு இறங்குவார். தெருவே வந்து தள்ளும். ஒன்று பெட்ரோல் வரவில்லை, இல்லாவிட்டால் பொறி வரவில்லை. மூன்றாவது காரணம் அபூர்வம். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, "டேப்பட்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றது. அந்த மெக்கானிக்குகளின் காது மட்டும் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

இப்போது வண்டி நிற்பது கௌரவம். ஆனால் "வண்டி நின்னுடுத்தா மாமா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

"நிக்கலை கேட்டயா. லிம்ப் மோடுக்குப் போயிருக்கு. தன்னைத்தானே காப்பாத்திக்கறதாக்கும். எஞ்சினுக்கு ஒரு கொழப்பமும் இல்லை. சென்சார். அதுவும் சென்சார் கேடில்லை, சென்சாரைப் படிக்கற சாஃப்ட்வேர். அடுத்த அப்டேட்ல சரியாயிடும்."

இப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கிறது, வருத்தமில்லை.

மாமாவின் கார் வாழ்க்கையில் தலையாய அத்தியாயம், கரி. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கும் புது வண்டிகள் பி.எஸ். 6 விதிக்கு உட்பட்டவை. அதற்காக டீசல் வண்டியின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைத்தார்கள். டி.பி.எஃப். என்பார்கள். புகையில் உள்ள கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் தானே எரித்துச் சாம்பலாக்கும். நல்ல ஏற்பாடுதான், மூக்குள்ள எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எரிப்பதற்கு அறுநூறு டிகிரி வாக்கில் சூடு வேண்டும். அந்தச் சூடு வர, வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் கால் மணி, இருபது நிமிஷம் நிற்காமல் ஓட வேண்டும்.

மாமா ஓட்டுவது கரமனையிலிருந்து சாலைக் கம்போளத்துக்கு. சேனையும் இளவனும் வாங்க. இரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். அதில் கிள்ளிப்பாலம் சிக்னல் ஒன்று, அந்த சிக்னலுக்கு வரிசை ஒன்று. எஞ்சின் வெதுவெதுப்பாகும்போது மாமா இறங்கிவிடுவார். பதினைந்து நாளில் திரையில் மஞ்சள் விளக்கு எரியும். அது வந்தால் விளையாட்டில்லை. அப்படியே விட்டால் எஞ்சின் வலு குறைந்து, ஒர்க்‌ஷாப்காரர் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

ஆகையால் மாமா விடியற்காலை எழுந்து, குளித்து, நெற்றிக்கிட்டு, கரி எரிக்கப் புறப்படுவார். பைபாஸைப் பிடித்து, திருவல்லத்தில் சுங்கம் கட்டி, கோவளம் தாண்டி, முக்கோலையிலிருந்து கான்கிரீட் ரோட்டில் தெற்கே எல்லைப்பக்கம் காரோடு வரை போய்த் திரும்புவார். "காரோடு போறவர் காரோட திரும்பி வந்தாச் சரி" என்று மாமி வாசலில் நின்று சொல்வாள். ஒரு தடவை மாமியும் கூடப் போனாள். வழியில் விழிஞ்ஞத்தில் கடல் பார்க்கலாம் என்றாள். "நிறுத்தப்படாது, எரிஞ்சிண்டிருக்கு" என்றார் மாமா. மாமி பிறகு போகவில்லை. சேனைக்கிழங்கு வாங்கிய செலவையும் அதற்காகக் கரி எரித்த டீசல், சுங்கச் செலவையும் மாமா தனித்தனித் தலைப்பில்தான் எழுதுகிறார். கூட்டிப் பார்ப்பதில்லை. ஆடிட்டில் இருந்தவருக்கு எதைக் கூட்டக் கூடாது என்று தெரியும்.

அடுத்து யூரியா. இந்த ரக வண்டிக்கு டீசலோடு இன்னொரு திரவமும் ஊற்ற வேண்டும். நூற்றுக்கு முப்பத்திரண்டரை யூரியா, மீதி சுத்தத் தண்ணீர். அது தீர்ந்தால், இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான் என்று திரை எண்ண ஆரம்பித்துவிடும். சைபர் வந்தபின் எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளப்ப விடாது. மாமா கேனோடு வருவதைப் பார்த்த எதிர்வீட்டுப் பாட்டி, "மிச்சமிருந்தா நம்ம தென்னைக்கு ரெண்டு கை போடேன்" என்றாள்.

எலி வேறு. அக்கிரகாரத்து எலிகளுக்குப் பரம்பரையாகப் பலகாரம் பழக்கம். இப்போது அவை வயருக்கு மாறியிருக்கின்றன. பழைய வண்டியில் எலி கடித்தால் ஹாரன் அடிக்காது, அவ்வளவுதான். இதில் ஒரு வயர் போனால் பிரேக், ஸ்டீயரிங், காற்றுப்பை என்று ஏழெட்டு எச்சரிக்கை ஒரே நேரத்தில் திரையில் கூடிவிடும். எஞ்சின் பக்கம் புகையிலை கட்டி வைத்தால் எலி அண்டாது என்று யாரோ சொன்னார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடச் சேர்க்காத மாமா, இருட்டினபிறகு ஜங்ஷன் பெட்டிக்கடையில் புகையிலை வாங்குவதை ஊர் முழுக்கப் பார்த்தது.

கூரை ஜன்னலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதன் ஓரத்து வடிகுழாயை மாவிலை அடைத்துக்கொண்டது. துலாவர்ஷத்தில் மாமா காருக்குள் குடை பிடித்தார்.

நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானை மேல் ஏறித் திருவனந்தபுரத்துக்கு வருவாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். கரமனையில் தெருவே திரண்டு நிற்கும். அந்தக் கூட்டத்தில் சிக்கிய மாமாவின் கண் தேவி மேல் இல்லை, திரை மேல். முன்னால் இருப்பதையெல்லாம் கேமராவால் கண்டுபிடித்துப் படம் போட்டுக் காட்டும் வண்டியல்லவா? யானை இருந்த இடத்தில் ஒரு லாரி காட்டியது. யானை காலை மாற்றி வைத்தால் லாரி பைக்காகும், மறுபடி லாரியாகும். "இந்த ஊர் யானையை அது இன்னும் படிக்கலை. அடுத்த அப்டேட்ல வரும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்பாளுக்கா, அப்டேட்டுக்கா என்று மாமி கேட்கவில்லை.

டல்லாஸில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தால் வண்டி திறக்காது. நின்றபடியே சிறுகச் சிறுகக் குடித்து, தன் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை அது தீர்த்திருக்கும். ரிமோட்டின் வயிற்றைப் பிளந்தால் உள்ளே ஒரு சின்ன இரும்புச் சாவி இருக்கும். அத்தனை கம்ப்யூட்டரும் கைவிட்டபின் கதவைத் திறப்பது அதுதான். இதைச் சொன்னால் மாமாவிடம் பதில் தயார்: "மின்சார வண்டிக்கே இதே கதிதானே? 2024-ல ஹூண்டாய் ஐயோனிக் 5 வண்டியை 1,744 எண்ணம் திருப்பிக் கூப்பிட்டானே, எதுக்கு? சார்ஜ் பண்ற கன்ட்ரோல் யூனிட் தகராறு, பன்னெண்டு வோல்ட் பேட்டரி எறங்கிடும்னுதான்!" அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் வருஷா வருஷம் கணக்கெடுக்கிறது. மூன்று வருஷம் ஓடின நூறு வண்டிக்கு 2024-இல் 190 குறை, 2025-இல் 202. அதில் திரையும் சாஃப்ட்வேரும்தான் பெரிய பங்கு. பிள்ளை அனுப்பிய அந்தச் செய்தியை மாமா தெரு முழுக்க வாசித்துக் காட்டினார். "வண்டிக்கு ரெண்டு வீதம்தான் வரது. நம்மது ஒரு வருஷத்திலேயே ஏழு." அவ்வளவு பெருமையாக அவர் பிள்ளையின் மார்க்கைக்கூடச் சொன்னதில்லை.

ஒர்க்‌ஷாப்பில்தான் பழைய ஏ.ஜி. ஆபீஸ் விழித்துக்கொள்ளும். லேப்டாப்பைச் செருகிப் பார்த்த பையன், "ஸ்கேனில் ஒன்னும் காணுன்னில்லல்லோ சாரே" என்பான். ஒன்றும் காணாததற்கு ஒரு பில்லும் கொடுப்பான். மாமா வீட்டுக்கு வந்து, பத்தி எண் போட்டு, ஆட்சேபணைக் கடிதம் எழுதுவார். காணாத குறைக்குக் கூலி எந்த விதியின் கீழ் என்று மூன்றாவது பத்தியில் கேட்பார். பதில் வராது. கடிதத்திலும் காரைப் பற்றி ஒரு சொல் குறை இராது. எல்லாம் பையனைப் பற்றியே.

மாமாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கென்னவோ வண்டியை விற்றவர்மேல்தான் கோபம். படத்தில் கூரையைத் திறந்து காட்டினார், கார் பேசுவதைக் கேட்க வைத்தார். "தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், அந்த டீசல் வண்டி நாகர்கோவிலுக்குத் தினம் போய்வரும் யாருக்காவது போயிருக்கும், அங்கே சௌக்கியமாகவும் இருந்திருக்கும். திரையைப் பற்றியும் ஒன்று: ஐரோப்பாவிலேயே பாதுகாப்புச் சோதனைக்காரர்கள் 2026 முதல் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டருக்குத் தனிப் பொத்தான் இல்லாத வண்டிக்கு ஐந்து நட்சத்திரம் தர யோசிக்கிறார்கள். மாமாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், "பொத்தானா? அது ரேடியோ காலத்துச் சமாசாரம்" என்று ஆரம்பித்தால் உங்கள் சாயங்காலம் போச்சு.

உங்கள் ஓட்டம் சாலைக் கம்போளத்தோடும் பழவங்காடியோடும் முடிகிறதென்றால் டீசலைத் தொடாதீர்கள். சின்ன பெட்ரோல் வண்டி போதும். கரி எரிக்கும் கடமை அதற்கில்லை. அதுவும் வேண்டாமென்றால், கரமனை ஜங்ஷனிலிருந்து கிழக்கேகோட்டைக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமே கிடையாது. மாமியும் அதில்தான் போகிறாள்.