தடித்ததெல்லாம் தலைப்பா?

கேள்வி: வேர்டில் எழுதிய 300 பக்கத் தொழில்நுட்பக் கையேட்டை டாக்புக் வடிவத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். ஒரு கட்டளை தட்டினால் முடிந்துவிடாதா?

பதில்: தட்டலாம். பாண்டாக் என்ற இலவச மென்பொருள் நொடியில் மாற்றித் தரும். 2006-ல் அதை வெளியிட்ட ஜான் மெக்ஃபார்லேன், பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். (இந்த வேலைக்குத் தத்துவம் படித்த பொறுமை வேண்டும்!) சிக்கல் உங்கள் கோப்பில்தான். டாக்புக்குக்கு அலங்காரம் பொருட்டல்ல; இது அத்தியாயம், இது எச்சரிக்கை, இது கட்டளை என்று முறை சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும். நீங்களோ ‘ஹெட்டிங்’ ஸ்டைலைத் தொடாமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி, தலைப்பு என்றிருப்பீர்கள். பாண்டாக் அதைத் தடித்த பத்தி என்றே எடுத்துக்கொள்ளும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நேராக்கிய அட்டவணையும் இருக்கிறதா? இரண்டு நாள் லீவு சொல்லிவிடுங்கள்.