கண்ணைக் கடன் வாங்கலாம்

கேள்வி: ஓவியக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். வண்ணப் பயிற்சிகளை சீனியர் அண்ணனிடம் கொடுத்து முடித்து வாங்கலாமா?

பதில்: அண்ணனின் கண்ணைக் கடன் வாங்குங்கள், கை வேண்டாம். "எந்த இடம் இடிக்குது?" என்று கேளுங்கள், தூரிகை உங்களிடமே இருக்கட்டும். பட்டுப்புடவையைக் கடை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து பார்ப்பார்களே அம்மாக்கள், அவர்களிடமும் கேளுங்கள். டியூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம் என்பது அவர்களுக்கு அத்துப்படி. யேல் பல்கலைக்கழகத்தில் வண்ணப் பாடம் நடத்திய ஜோசப் ஆல்பர்ஸ், சாயம் குழைப்பதைவிட வண்ணக் காகிதம் வெட்டி ஒட்டுவதையே விரும்பினார். 1963-இல் அந்தப் பயிற்சிகள் புத்தகமாகவும் வந்தன. நீங்களும் செய்து பாருங்கள்: ஒரே சாம்பல் காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்பின் மேலும் இன்னொன்றை வெள்ளையின் மேலும் வையுங்கள். கறுப்பின் மேல் இருப்பது வெளுத்துத் தெரியும். வாய் பிளக்க வைக்கும் அந்த நொடியைப் போய் அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பீர்களா?