மொட்டை மாடிக்கு ஓர் ஆள் தேவை

பெறுநர்: உயர்திரு வாடகை அதிகாரி அவர்கள்.

பொருள்: மாடி ரூமுக்கு நம்பிக்கையான ஆள் ஒருவரை அனுப்பி வைக்கக் கோருதல் சார்பு.

ஐயா,

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஷீட் போட்ட ரூம் ஒன்று இருக்கிறது. நல்ல காற்றோட்டம், ஷீட்டும் சுவரும் ஒட்டாத இடம் பூராவும் ஜன்னல்தான். அதற்கு ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறேன். 2017-இல் வாடகைச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய் என்கிறீர்கள். பதிவு செய்ய முதலில் ஆள் வேண்டாமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், குழந்தை கூடாது. பேச்சுலர் வேண்டவே வேண்டாம். (நானே திருவல்லிக்கேணி மேன்ஷனில் பேச்சுலராக இருந்தவன், தெரிந்துதான் சொல்கிறேன்.) ஐ.டி. கம்பெனி என்றால் நல்லது, ஆனால் ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவோம். சொந்தக்காரர்கள் இருக்கலாம், வரக்கூடாது. கறி, மீன் வாசனை ஆகாது. சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு என்று பேச்சுவாக்கில் கேட்பேன். சாதி பார்க்கிறவன் இல்லை ஐயா, சும்மா விவரத்துக்கு.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை. சட்டம் மூன்று மாதம்தான் என்கிறது. ஆனால் 'வேறு உடன்பாடு இருந்தாலொழிய' என்று அதே சட்டம் கொல்லைப்புறமாக ஒரு கதவும் வைத்திருக்கிறது. எனக்கு உடன்பாடுதான்; வருகிறவரையும் உடன்பட வைத்துவிடுவேன். கரண்டுக்குத் தனி மீட்டர், யூனிட் பத்து ரூபாய். அரசு தரும் இலவச மின்சாரம் கீழ் வீட்டோடு நின்றுவிடுகிறது. பாவம், அதற்கு மாடிப்படி ஏற முடியவில்லை.

ஆதார் நகல், ஆபீஸ் கார்டு, ஊர்ப் பெரியவர்கள் இருவரின் போன் நம்பர், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுக்க போட்டோ எல்லாம் கேட்டு வாங்கிவிடுவேன். போன வாரம் ரூம் பார்க்க வந்த தம்பி அத்தனையும் கொடுத்துவிட்டு, "வாடகைக்கு ரசீது தருவீங்களா சார்?" என்றான். இவ்வளவு சந்தேகப் புத்தி உள்ளவனை நம்பி எப்படி வீட்டைக் கொடுப்பது?

இப்படிக்கு,
வீட்டு ஓனர்

பி.கு.: காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் தரவேண்டும் என்று சட்டம் பேசிக்கொண்டு பழைய பையன் உங்களிடம் வரலாம். சுவரில் ஆணி அடித்திருக்கிறான் ஐயா. பெயின்ட் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எட்டு மாத வாடகை வரை வந்திருக்கிறது. இன்னும் பாத்ரூம் பக்கம் போகவில்லை.