மைக்செட்டு இயல்: நிறுவல், இயக்கல், பேணல்

நிறுவலும் இயக்கலும் பேணலும் என்றாங்கு
முத்திறத்து அடங்கும் மைக்செட்டு இயலே.

இந்த நூற்பாவைச் செய்தவன் அடியேன்தான். எந்தச் சுவடியிலும் தேட வேண்டாம். ஆராய்ச்சி என்றால் முகப்பில் ஒரு சூத்திரம் நின்றால்தான் மதிப்பு. நாமே செய்துவிட்டால் உரையும் நாமே எழுதிக்கொள்ளலாம், மறுப்பதற்கு ஆளிருக்காது. 'ஆங்கு' அசைநிலை. பிற வெளிப்படை.

இனி உரை. மைக்ரோவேவ் பவர் ஆம்ப்ளிஃபயர் என்றொரு பெட்டி உண்டு. பாப்கார்ன் பொரிக்கும் அடுப்பு அல்ல. டிவி சேனல்களைத் தரையிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏற்றிவிடும் நிலையங்களில் ரேக்கில் திருகி வைத்திருப்பார்கள். 6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் நோஞ்சானாக வரும் சிக்னலை நூற்றுக்கணக்கான வாட்டாகத் தேற்றி, 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்புவது அதன் தொழில். அதன் கையேடும் நிறுவல், இயக்கல், பேணல் என்று மூன்று அதிகாரமாகத்தான் இருக்கும். சுரண்டையில் ஒரு கோயில் கொடைவிழாவுக்கு மைக்செட்டு கட்டுவதைக் கூட இருந்து பார்த்தவருக்கு அந்தக் கையேட்டில் புதிதாக ஏதும் இல்லை என்பது என் கருதுகோள். ஒன்றே ஒன்று மட்டும் அங்கே உண்டு, இங்கே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

களம்: சுரண்டை. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம், 2021 முதல் நகராட்சி. காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். ஆனால் ஆய்வாளனுக்குச் சந்தை முக்கியமில்லை, காற்றுதான் முக்கியம். செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று ஆனியிலும் ஆடியிலும் அடித்துப் புரட்டும். ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அம்மன் கோயில் கொடைகளும் நிறைய. கொடை என்றால் வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி. வரி என்றால் உரிமை. இந்த உரிமைதான் இக்கட்டுரையின் மையச் சிக்கல் ஆகப்போகிறது.

முதலில் நிறுவல். ரேக்கின் அகலம் 19 அங்குலம்; உயரத்தை 1.75 அங்குலக் கூறுகளாக எண்ணுவார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக் காலத்து அளவு இது, இன்றும் உலகம் முழுக்க மாறவில்லை. குட்டி யானை வண்டியில் வந்து இறங்கும் புதுப்பாணி சவுண்ட் செட்டுகளும் இதே சட்டத்தில்தான் வருகின்றன. பழைய பாணியில் ரேக் என்பது பள்ளிக்கூடத்து பெஞ்சு. அதன் அகலம் எத்தனை பேர் உட்கார்ந்து படித்தார்கள் என்பதைப் பொறுத்தது. கனமானதைக் கீழே வை, முன்னும் பின்னும் காற்றுக்கு வழி விடு என்பது கையேட்டு விதி. காரணம் எளிது. வழக்கமான ஆம்ப்ளிஃபயர் ஒன்று 100 வாட்டைக் குழாய் ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், கிட்டத்தட்ட அதே அளவைச் சூடாக்கித் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். அந்தச் சூடு வெளியேறும் துளைகளின் மேல் கொடைக் கமிட்டிப் பெரியவர் தம் ஈரத்துண்டைக் காயப்போடுவார். செட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் எதிரே ஒரு டேபிள் ஃபேனை வைப்பார். துண்டின் வெப்பத்தடை குறித்துத் தனி ஆய்வேடு தேவைப்படுகிறது. நிதி கிடைத்தால் செய்யலாம்.

அடுத்து ஒயர். பெட்டி பந்தலடியில், குழாய் தென்னை உச்சியில் அல்லது முச்சந்திக் கம்பத்தில். 250 வாட்டை 8 ஓமில் நேரே அனுப்பினால் ஒயரில் ஐந்தரை ஆம்பியருக்கு மேல் ஓடும். அதையே 100 வோல்ட் லைனாக்கினால் இரண்டரை ஆம்பியர் போதும். ஒயரில் வீணாவது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப என்பதால், முன்னதில் ஐந்து பங்கு வீணானால் பின்னதில் ஒரு பங்குதான். சுற்றியுள்ள காற்றாலைக்காரர்களும் இந்தக் கணக்கை நம்பித்தான் வோல்ட்டேஜை ஏற்றி லைனில் விடுகிறார்கள். செட்டுக்காரர் இதைக் கணக்காகச் சொல்ல மாட்டார். "தூரத்துக் குழாய்க்கு லைன்ல போடு, பக்கத்துக்கு ஓம்ஸ்ல போடு" என்பார். நூற்பா என்றால் அதுதான் நூற்பா, என்னுடையது சும்மா.

குழாயை எந்தத் திசை பார்த்துக் கட்டுவது? இங்கேதான் ஊர் ரெண்டுபடும். மேற்கே சாம்பவர் வடகரைக்குக் கேட்க வேண்டும் என்று ஒரு கட்சி, கிழக்கே ஊத்துமலைக்குக் கேட்க வேண்டும் என்று ஒரு கட்சி. இயற்பியல் கிழக்குக் கட்சியின் பக்கம் நிற்கிறது. தரையருகே காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் ஓடுவதால், காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளைந்து தரையை ஒட்டியே போகும்; எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். ஆடிக் கொடையில் மேற்கே பார்த்துக் கட்டிய குழாய் மேகத்துக்குப் பாடுகிறது என்று கொள்க. அந்த மேகம் குற்றாலத்தில் சாரலாக இறங்குவதற்கும் குழாயில் பாடும் எல்.ஆர். ஈஸ்வரி குரலுக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவ இயலவில்லை.

ஒலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் கணக்கு உண்டு. தூரம் இருமடங்கானால் 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20. குழாய்க்கு ஒரு மீட்டர் முன்னால் 120 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டரில் 100, 100 மீட்டரில் 80, ஒரு கிலோமீட்டரில் 60. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் அரசு வகுத்த அளவே 55 தான். ஊர் தாண்டியும் சட்டத்தை மீற ஒற்றைக் குழாய் போதும் என்பது இதனால் பெறப்படும். தடித்த ஒலியைக் குழாய் வெளியே விடாது. மெல்லிய கீச்சொலியை வழியில் காற்று தின்றுவிடும். மிஞ்சுவது மூக்கால் பாடும் நடுக்குரல். வயல்வரப்பில் நின்று கேட்பவர் அதுதான் பாட்டின் அசல் குரல் என்று நினைத்து வளர்கிறார். பிறகு நல்ல ஸ்பீக்கரில் அதே பாட்டைக் கேட்கும்போது ஏதோ குறைவதாகப் படும். எனக்கும் அப்படித்தான்.

இயக்கல். லோடு இல்லாமல் ஆன் செய்யாதே என்பது மைக்ரோவேவ் கையேட்டின் முதல் கட்டளை. வெளியே போக வழியில்லாத திறன் திரும்பி வந்து பெட்டியையே சுடும். வால்வு போட்ட பழைய மைக்செட்டுக்கும் இதே கட்டளை. டிரான்சிஸ்டர் வந்தபின் பயம் திசைமாறிவிட்டது: ஒயர் கழன்றால் பரவாயில்லை, ரெண்டு ஒயர் ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. இரண்டையும் அறிந்த மூத்த செட்டுக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று கடைசிக் குழாய் மாட்டும்வரை சுவிட்சைத் தொடுவதில்லை. மைக்ரோவேவ் பெட்டிகளில் டிராவலிங் வேவ் டியூப் வைத்தவை சூடேறச் சில நிமிடம் காத்திருக்கச் சொல்லும். அந்த டியூபை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பர்மிங்ஹாமில் உருவாக்கிய ருடால்ஃப் கோம்ப்னர் வியன்னாவில் கட்டடக்கலை படித்தவர். 1962இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் அவருடைய டியூபோடுதான் மேலே போனது. மின்சாரம் படிக்காத ஆள் ஆம்ப்ளிஃபயரில் கை வைக்கலாமா என்று சுரண்டை டீக்கடைகளில் அவ்வப்போது எழும் வினாவுக்கு இது விடையாகலாம். படிக்காத செட்டுக்காரர்கள் இதைக் கோம்ப்னர் வழக்கு என்று மேற்கோள் காட்டலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆன் செய்ததும் "ஹலோ மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ". நான்கு வரை எண்ணியவரைக் கண்டதில்லை. பிறகு கூ என்று ஒரு விசில். மைக்கில் போனது குழாயில் வந்து, வந்தது மீண்டும் மைக்கில் ஏறும் சுழற்சி இது. சுற்றில் பெருக்கம் ஒன்றை எட்டி, திரும்பி வரும் அலை அதே தாளத்தில் சேர்ந்தால் தானாகவே ஊளையிடும் என்று ஜெர்மனியின் பார்க்ஹௌசன் விதி வகுத்தார். வில்லுப்பாட்டு மேடைக்குப் பின்னால் குழாயைக் கட்டினால் அந்த விதியைப் புலவரே குடத்தடியில் உட்கார்ந்து மெய்ப்பிப்பார். குழாயை மேடைக்கு முன்னால் தள்ளி வெளிப்பக்கம் திருப்புவதே மருந்து. சத்தத்தைக் குறைப்பதும் மருந்துதான். ஆனால் அதைச் செய்ய வால்யூம் குமிழைத் தொட வேண்டும்.

வந்துவிட்டோம், குமிழுக்கு. செயற்கைக்கோள் நிலையத்தில் ஆம்ப்ளிஃபயரின் அளவை மாற்றப் பாஸ்வேர்டு கேட்கும். மூடியைத் திறந்தால் தானே அணைந்துவிடும் பூட்டு வேறு. நான் முன்னே சொன்ன அந்த ஒன்று இதுதான். சுரண்டையில் பூட்டு கிடையாது. வரி கொடுத்த ஒவ்வொரு தலைக்கட்டும் குமிழுக்குப் பங்காளி.

"என்னவே, குழாய் பேசவே மாட்டேங்கு? கடைசித் தெரு வரைக்கும் கேக்காண்டாமா?"

"நல்லா கேக்கு அண்ணாச்சி. இதுக்கு மேல வச்சா யூனிட் போயிரும்."

"வடக்குத் தெருக்காரன் வச்சது அடுத்த ஊருக்குக் கேட்டிச்சுலா. நம்ம என்ன ஓசியிலயா கேக்கோம்? கூட்டி வையும்."

இந்த உரையாடலின் பின்னணியில் ஒரு பெரும் கணித மயக்கம் இருக்கிறது. வடக்குத் தெரு 250 வாட் வைத்தது, நாம் 500 வைத்தால் இருமடங்கு கேட்கும் என்பது மயக்கம். வாட் இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல்; காது உற்றுக் கேட்டால்தான் பிடிபடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட், 2,500. அடுத்த வருஷம் வடக்குத் தெரு அதை மிஞ்ச 25,000 வேண்டும். மூன்றாம் கொடைக்குள் தென்காசி மாவட்டத்துக் காற்றாலைகளில் சிலதை நேரே பந்தலுக்கு இழுக்கும்படி ஆகும். வரியோ பத்து மடங்கு ஏறுவதில்லை.

இதற்குச் செட்டுக்காரர்கள் கண்ட தீர்வை ஆம்ப்ளிஃபயர் வரலாற்றின் பெருங்கண்டுபிடிப்புகளோடு வைத்து எண்ணலாம். மிக்ஸரில் மைக் எதுவும் செருகாத குமிழ் ஒன்று இருக்கும், பெரும்பாலும் நான்காவது. செட்டுக்காரர் பெரியவரைப் பணிவோடு கூப்பிட்டு, "நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று அதைக் காட்டுவார். பெரியவர் திருகுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். இன்னும் ஒரு நூல் திருகுவார். "ஆங், இப்பதான் கேக்கு" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போவார். துண்டு போனதும் துளை திறந்து பெட்டியும் சற்றுக் குளிரும். ஒரே திருகில் இரண்டு பயன். மேனாட்டு ஒலிப்பதிவுக் கூடங்களிலும் தயாரிப்பாளர் திருகுவதற்கென்றே எங்கும் இணைக்காத குமிழ் வைக்கும் வழக்கம் உண்டு என்பதால், இது நெல்லைச்சீமைக்கு மட்டும் உரியது என்று பெருமைப்பட முடியவில்லை.

நான்காம் குமிழ் சத்தத்தைக் கூட்டாமல் தடுக்கும், குறைக்காது. குறைப்பதற்கு எதிர்ப்பங்கு வேண்டும். 1927இல் அமெரிக்காவில் ஹெரால்ட் பிளாக் என்ற பொறியாளர் வேலைக்குப் போகும் படகில் செய்தித்தாளில் ஒரு படம் கிறுக்கினார். வெளியே வருவதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து எதிர்த்துச் சேர்த்தால், பெருக்கம் குறையும், ஆனால் ஒலி பிசிறில்லாமல் வரும். இதுவே நெகட்டிவ் ஃபீட்பேக். கமிட்டி முழுக்கப் பாசிட்டிவ் ஃபீட்பேக்கால் ஆனது. கூட்டு என்றவனை இன்னொருவன் கூட்டச் சொல்வான். ஆக எதிர்ப்பங்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். பங்குனிக் கொடையில் அது பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தாய் வடிவில் வரும். கமிட்டியிடம் போக மாட்டாள். நேரே பெஞ்சுக்கு வந்து, "பிள்ளைக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை அண்ணாச்சி" என்று ஒரே ஒரு வாக்கியம். செட்டுக்காரர் கை அசல் குமிழுக்குப் போகும். யாருக்கும் தெரியாமல் 3 டெசிபல் இறங்கும். 3 டெசிபல் உற்றுக் கேட்டால்தான் தெரியும் என்று மேலே நிறுவியதை இங்கே பொருத்திக்கொள்க.

இரண்டாம் எதிர்ப்பங்கு சட்டம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கென்று மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அம்மனோ சாமக்கொடை கேட்பவள். பத்து மணிக்குப் பெட்டி அணைந்ததும்தான் பெண்கள் குலவையிடுவது முதல்முறையாகக் காதில் விழும். குலவைக்குக் குமிழ் கிடையாது.

பேணல் சுருக்கம். பல்லிக்கு டிரான்ஸ்ஃபார்மரின் கதகதப்பு பிடிக்கும், எலிக்கு ஒயரின் பிளாஸ்டிக் பிடிக்கும். பல்லி டெர்மினலைக் குறுக்கே தொட்டால் இரண்டும் போயின, பல்லியும் ஃபியூஸும். சந்தைத் தூசியைத் தட்ட இரண்டங்குல பெயின்ட் பிரஷ் போதும். ஒயரை முழங்கையில் சுற்றாதே, முறுக்கு விழும். ஒருசுற்று நேராக, மறுசுற்று மாற்றி. இவை எல்லாம் இரண்டு கையேட்டுக்கும் பொது.

மைக்ரோவேவ் கையேட்டில் இல்லாத பேணல் ஒன்று உண்டு: பாக்கி. தூரம் கூடக் கூட ஒலி தேய்வதுபோல், நாள் கூடக் கூட வசூலும் தேய்கிறது. கொடைக்கு மறுநாள் கேட்டால் பாதி, மறுவாரம் கேட்டால் கால், அதன்பின் கமிட்டித் தலைவரை வீட்டில் பார்க்க முடியாது. அடுத்த கொடைக்குக் கால்நாட்டும் வாரத்தில் அவரே கடை தேடி வருவார். "போன வருசத்து பாக்கியையும் சேத்துத் தந்திருதோம் வே. இந்தத் தடவ நாலு குழாய எட்டாப் போட்டுரும். டபுளாக் கேக்கணும்."

எட்டுக் குழாய்க்கு ரேட்டு என்ன என்பதை மட்டும் செட்டுக்காரர் சொல்வார்.