கிளிக்கொரு வீடு

மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில் கிளி வளர்க்க விரும்பும் குடும்பத்திற்குப் பறவையியலுக்கு முன்பாகவே சட்டம் வந்து குறுக்கே நிற்கிறது. இலங்கையில் இயற்கையாக வாழும் கிளியினங்கள் ஐந்து. அவற்றுள் லேயார்டின் கிளியும் சின்னஞ்சிறு தொங்குகிளியும் இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. நாட்டுக்குரிய காட்டுக் கிளிகளைப் பிடித்துக் கூட்டில் அடைப்பதற்கு, 1937ஆம் ஆண்டு பிறந்து பலமுறை திருத்தப்பட்ட வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. ஆகவே வளவுக்குள் தானாக வந்து, கொய்யாப் பழத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கொறித்துவிட்டு மறுபக்கத்தைக் கிணற்றுக்குள் போடும் பச்சைக்கிளி அரச பாதுகாப்புடன் பறந்து செல்ல, கிளியாசை கொண்ட வீட்டுக்காரர் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு பறவையைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியவராகிறார்.

சிறிய அவுஸ்திரேலியக் கிளிகளுள் எதைத் தெரிவு செய்வது என்று கேட்போருக்கு வளர்ப்பு நூல்கள் எடை, ஓசை, ஆயுள், விலை ஆகியவற்றை நிரல்படுத்திக் காட்டுகின்றன. இவை பயனுள்ளவையே எனினும், மட்டக்களப்பு வாவிக்கரையின் சமூக அமைப்பை அறியாதவர்கள் வகுத்தவை. இப்பகுதியில் குடி எனப்படும் மரபுக்குழு தாய்வழியே தொடர்கிறது; வீடும் வளவும் சீதனமாக மகளுக்குச் சேர, திருமணமான ஆண் தன் துணிப்பெட்டியுடன் மனைவியின் வீட்டுக்குக் குடிவருகிறார். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக ஆராய்ந்த இவ்வழமையின் ஒரு சிறு விளைவை மட்டும் இங்குக் குறிப்பிட்டால் போதும்: விறாந்தையில் கூடு தொங்கவிடுவதற்கு ஓர் ஆணி அடிக்க வேண்டுமானால், அதற்கான அனுமதி மாமியிடமிருந்து வர வேண்டும். எனவே ஒரு கிளியினத்தின் பொந்தில் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை ஆராய்ந்து தெரிவு செய்வதே ஆரையம்பதிக்குப் பொருத்தமான முறையாகும்.

இம்முறைப்படி முதலிடம் பெறுவது, கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜரிகர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆபிரிக்காவுக்குரிய வேறு கிளிகள். ஆயினும் இதைக் கடைக்காரருக்கு எடுத்துரைப்பதால் விலை குறைவதில்லை. 30 முதல் 40 கிராம் வரை எடையுள்ள இப்பறவையை ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840இல் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன்பின் அது உலகெங்கும் கூடுகளிலேயே பெருகியது. இதன் குடும்ப அமைப்பில் பொந்து முழுவதும் பெண்ணின் ஆட்சிக்கு உட்பட்டது. உட்சுவரைக் கொறித்து வசதியாக்குவதும், ஏறத்தாழ 18 நாட்கள் தனியே அடைகாப்பதும், வாயிலில் தலைகாட்டும் அந்நியரைக் கடித்துத் துரத்துவதும் பெண்ணே. ஆணோ வெளியே தின்ற தானியத்தைத் தொண்டைப்பையிலிருந்து மீண்டும் மேலே கொணர்ந்து, வாயிலில் நின்றபடியே பெண்ணுக்கு ஊட்டி, தலையை மேலும் கீழும் ஆட்டிச் சற்றுநேரம் பாடிவிட்டு அகன்றுவிடும். மட்டக்களப்பு மருமகன்மாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பட்ஜரிகரை வாங்குவோரின் மறைவான நோக்கம் பேச்சு. கலிபோர்னியாவில் வாழ்ந்து 1994இல் இறந்த பக் என்ற ஆண் பட்ஜரிகர் 1,728 சொற்களை அறிந்திருந்ததாகக் கின்னஸ் பதிவு கூறுகிறது. மீனாட்சி, ஆண்டாள் ஆகியோர் கைகளில் கிளியைக் கண்டு வளர்ந்த தமிழரும் கிளி என்றால் பேசியாக வேண்டும் என்றே எதிர்பார்க்கின்றனர். பெரும்பாலான பட்ஜரிகர்களின் பேச்சோ தாழ்ந்த குரலில் மிக விரைவாக ஓடும் முணுமுணுப்பாகவே அமைகிறது. அதில் பிள்ளையின் பெயர் தெளிவாகக் கேட்பதாகச் சாதிப்பவர் பெரும்பாலும் அப்பெயரை வைத்தவராகவே இருப்பார்.

அடுத்தது காக்கட்டீல், தலையில் விரியும் கொண்டையும் கன்னத்தில் செம்மஞ்சள் வட்டமும் உடைய, பட்ஜரிகரைவிட இருமடங்குக்கும் மேல் எடையுள்ள கிளி. இதில் அடைகாக்கும் கடமை பங்கிடப்பட்டிருக்கிறது: பெரும்பாலும் பகலில் ஆணும் இரவில் பெண்ணும் முட்டைமேல் அமர்கின்றன. இச்சமத்துவம் போற்றத்தக்கதே, ஆனால் வீட்டுப் பெண்கள் இதைக் கண்டால் பிற விடயங்களிலும் ஒப்புமை கோரக்கூடும் என்பதால் கணவன்மார் சிலர் காக்கட்டீலை விலை அதிகம் என்ற காரணம் கூறித் தவிர்க்கின்றனர். ஆண் காக்கட்டீல் பேச்சைவிடச் சீழ்க்கையில் வல்லது. திரும்பத் திரும்பக் கேட்கும் இசையை எளிதில் பிடித்துக்கொள்ளும். இலங்கைத் தெருக்களில் பாண் விற்கும் ஓட்டோ தன் வருகையை பீத்தோவனின் ‘ஃபியூர் எலிஸ்’ இசையால் அறிவிப்பதால், அத்தகைய தெருவோரம் வளரும் காக்கட்டீலுக்கு இசையாசிரியர் தேவையில்லை. அது பாதியில் நிறுத்தும் அவ்விசையைக் கேட்டுச் சில்லறையுடன் படலைக்கு ஓடுவோரும், உண்மையான பாண் வரும்போது கிளிதானே என்று இருந்துவிடுவோரும் ஒரே வீட்டில் உருவாகின்றனர். மேலும் இப்பறவை இரவில் திடீரென மிரண்டு கூட்டுக்குள் சிறகடித்து மோதும் இயல்புடையது. மின்சாரம் போய்ப் பல்லியும் ஓடும் இரவில் வீடு முழுவதும் விழித்துக்கொள்ளும். இதன் சிறகிலிருந்து உதிரும் வெண்துகளும் இழுப்பு நோயாளர் உள்ள வீட்டுக்கு ஆகாது.

நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ரிச்சர்ட் பர்க்கின் பெயரைத் தாங்கிய பர்க் கிளி, கபிலமும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்துடன், விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகி மற்ற நேரங்களில் பேசாமல் அமர்ந்திருக்கும் பறவை. அயலவருக்கு இதைவிட உகந்த கிளி இல்லை. ஆனால் கிளி வாங்கியதை அயலவர் அறிய வேண்டும் என்பதே பலரது விருப்பமாதலால் இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை.

காலநிலையைப் பொறுத்தவரை, வறண்ட நிலத்துப் பறவைகளான இம்மூன்றும் மேற்கிலிருந்து வீசும் வெப்பமான கச்சான் காற்றைப் பொறுத்துக்கொள்ளும். நிழலும் தண்ணீரும் இருந்தால் போதும். மழைத்தூவானம் கூட்டுக்குள் அடிக்கும் மாரிகாலத்திலேயே கவனம் தேவை. ஈரத்தில் தினை பூஞ்சணம் பிடிக்கும். சமையலறையில் கூடு வைத்தலும் கூடாது. ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் எழும் ஆவி பறவைகளைக் கொல்லும். அவற்றுக்கு அவகாடோவும் நஞ்சு.

இவ்வுரையை எழுதியவர் குடிவந்த வீட்டில், மேற்கண்ட ஆராய்ச்சி முழுவதும் மாமியின் முன் சமர்ப்பிக்கப்பட்டு, பேசக்கூடிய ஆண் பட்ஜரிகர் இரண்டு வாங்குவதற்கு ஒப்புதல் பெறப்பட்டது. அலகுக்கு மேலே மூக்குத் துளைகளைச் சூழ்ந்துள்ள மென்தோல், வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குக் கபிலமாகவும் இருக்கும். குஞ்சுப் பருவத்தில் இரண்டுக்குமே வெளிறிய இளஞ்சிவப்பு என்பதால், கடைக்காரரின் உறுதிமொழியே அப்போது அறிவியலின் இடத்தை நிரப்புகிறது. சில மாதங்களில் இரு மூக்குகளும் கபிலமாயின. இருந்த ஒரு மரப்பெட்டிக்காக இரு பெண் பறவைகளும் இறகு பறக்கச் சண்டையிட்டன. ஆண் இல்லாத கூட்டில் பெட்டியே வைக்கக் கூடாது, வைத்தால் வீணே முட்டையிடும் என்று நூல் கூறுவதை மருமகன் எடுத்துக்காட்டினார். மாமியோ அவர் முகத்தைப் பாராமல் மகளிடம், “ரெண்டும் பொம்புளப் புள்ளெண்டா ரெண்டு வீடு வேணுந்தானே மனே, வீடு வளவு இருந்தா மாப்பிள தானா வருவான்” என்று கூறி, இரண்டாவது பெட்டிக்கு அன்று மாலையே தச்சனுக்குச் சொல்லியனுப்பினார்.