தெரியாமல் இருந்த சுகம்

கோவையில் நான் பல்க் எஸ்எம்எஸ் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒப்பணக்கார வீதி ஜவுளிக் கடைக்காரர்களுக்கு நான் ஒரு சின்ன மந்திரவாதி. ஆடி பிறந்ததும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். போனால் மேஜை மேல் குலுக்கல் கூப்பன்கள் கட்டுக்கட்டாக இருக்கும். ஃபிரிட்ஜ் விழும் என்று நம்பி, பேரும் செல் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டவர்களின் கையெழுத்து. அதையெல்லாம் எக்செல்லில் ஏற்ற எங்களிடம் ஒரு பையன் இருந்தான். ஒன்றா ஏழா என்று புரியாத இடத்தில் இரண்டையும் அடித்துவிடுவான். செய்தி யாருக்கோ போகும். அவரும் துணி உடுத்துகிறவர்தானே.

பஞ்சம் எழுத்துக்குத்தான். எஸ்எம்எஸ் ஒன்றின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழுக்கு 16 பிட் வேண்டும், ஆகவே 70. அந்த எழுபதிலும் புள்ளி ஒரு எழுத்து, கொம்பு ஒரு எழுத்து, கால் ஒரு எழுத்து. ‘ஆடித் தள்ளுபடி’ என்று வாயைத் திறந்தாலே 14 காலி. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான காசு. கடைப் பலகையில் தமிழைப் பெரிதாகப் போட்ட முதலாளிகள்கூட இந்தக் கணக்கைக் கேட்டதும், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் குற்றமில்லை என்றார்கள்.

அந்த 160 பிறந்த கதை வேடிக்கையானது. 1985-இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற பொறியாளர் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து, மனதில் தோன்றிய வாக்கியங்களை அடித்து எழுத்தெண்ணிப் பார்த்தாராம். பெரும்பாலானவை 160-க்குள் முடிந்தன. அவருக்கு எங்கள் ஜவுளிக் கடை முதலாளியைத் தெரியாது. முதலாளிக்கு ‘அன்புடையீர்’ வேண்டும், கிளைகளின் விலாசம் வேண்டும், முகூர்த்தப் பட்டு தனியாகச் சொல்ல வேண்டும், முடிவில் ‘என்றும் தங்கள் நல்லாதரவை நாடும்’ வேண்டும். நான் வெட்டிக்கொண்டே போவேன். கடைசியில் மிஞ்சுவது கடைப்பெயர், 50%, ஞாயிறு விடுமுறை இல்லை.

அனுப்பிய பிறகு ஒரு டெலிவரி ரிப்போர்ட் வரும். செய்தி போனை எட்டியது என்பதோடு அதன் ஞானம் முடிந்தது. போன்காரர் படித்தாரா, படிக்காமலே அழித்தாரா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். எங்கள் தொழிலின் முதலீடே அந்த இருட்டுதான். ஆடி ஞாயிறுக்கு ஒப்பணக்கார வீதியில் கூட்டம் சேர செல்போன் தேவையில்லை. முதலாளியின் தாத்தா காலத்திலேயே சேர்ந்த கூட்டம் அது. ஆனாலும் முதலாளி கல்லாவில் நின்றபடி, “தம்பி, உங்க மெசேஜ் பிச்சுக்கிட்டுப் போகுது!” என்பார். நான் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன். மழை பெய்து கூட்டம் குறைந்தால் பழி மழைக்கு.

பிறகு சட்டங்கள் வந்தன. தொந்தரவு வேண்டாம் என்பவர்களுக்கு 2007-இல் ஒரு பதிவேடு. 2011 செப்டம்பரில், இரவு 9 முதல் காலை 9 வரை விளம்பரச் செய்தி கூடாது என்று ஒரு தடை. அடுத்து, அனுப்பும் ஒவ்வொரு வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்து, மாறும் இடத்தை மட்டும் காலியாக விட வேண்டும் என்ற முறை. 2021 மார்ச் 8-ஆம் தேதி அதைக் கண்டிப்பாக அமல்படுத்தியபோது, பதிவுக்குப் பொருந்தாத வாசகங்களோடு ஓடிபி-களும் நின்றுபோய் நாடே திணறியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஒரு வாரம் தள்ளிவைத்தது. 2025-இலிருந்து அனுப்புநர் பெயருக்குப் பின்னால் வாலாக ஒரு எழுத்து: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு.

இப்போது எஸ்எம்எஸ்ஸின் வாரிசாக ஆர்சிஎஸ் என்ற செய்தி முறை. புதிது என்று விற்கிறோமே தவிர, 2007-இலேயே தொடங்கிய யோசனை. நிறுவனங்கள் ஒத்துப்போய் ஒரு பொது வடிவம் கண்டது 2016-இல். ஆப்பிள் இறங்கிவந்தது 2024-இல். இந்தியாவில் அதற்கு முன்பே நுழைந்து, புது ரோடு போட்டதும் மணல் லாரி ஓடுவதுபோல் விளம்பரங்கள் அதில் ஓட, 2022-இல் கூகுளே இங்கே விளம்பர அனுப்புதலைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. இன்று கடையின் பெயர், லோகோ, சரிபார்த்த முத்திரை எல்லாவற்றோடும் செய்தி போகிறது. பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க 2 முதல் 10 அட்டைகள். ஒவ்வொன்றிலும் படம், நான்கு பட்டன்வரை, விவரத்துக்கு 2000 எழுத்து.

மாதிரியைக் காட்டியதும் முதலாளி செய்த முதல் காரியம், முதல் அட்டையில் மாலை போட்ட அவர் அப்பாவின் படத்தை வைக்கச் சொன்னது. பிறகு நான் இத்தனை காலமாக வெட்டி எறிந்ததெல்லாம் எழுந்து வந்தது: அன்புடையீர், விலாசங்கள், முகூர்த்தப் பட்டு, நல்லாதரவு. இடம் இருந்ததால் மறுக்க வழியில்லை. பட்டனில் மட்டும் மறுபடி பஞ்சம்: 25 எழுத்துக்கு மேல் ஏறாது. ‘அருகிலுள்ள கிளைக்கு வழி காட்டு’ முப்பது. பழைய கத்தியை எடுத்து ‘கடைக்கு வழி’ ஆக்கினேன். ஆர்சிஎஸ் ஏற்காத போன்களுக்கு மாற்றாகச் சாதா எஸ்எம்எஸ் போகும் என்பதால் அதற்கும் ஒரு வரி எழுதினேன். கடைப்பெயர், 50%, ஞாயிறு விடுமுறை இல்லை.

கூட்டம் வந்தது, எப்போதும் வருகிற அதே கூட்டம். ஆனால் இந்த முறை கூடவே ஒரு ரிப்போர்ட்டும் வந்தது. யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார், எந்தப் பட்டனைத் தொட்டார், எல்லாம் அதில் உண்டு. படித்தவர்கள் ஏராளம், தொட்டவர்கள் சொற்பம். வாடிக்கையாளரோடு உரையாடலாம் என்று சொல்லி விற்றோம் அல்லவா, ஒருவர் உரையாடியும் இருந்தார்: “அந்த ஃபிரிட்ஜ் கடைசியில் யாருக்குங்க விழுந்துச்சு?”

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிப்போர்ட்டை வரி வரியாகப் பார்த்தார். கடை நிறைய ஆட்கள். அவர் முகத்தில் மட்டும் நட்டக்களை.

“ஏந்தம்பி, இத்தனை பேரு படிச்சிருக்காங்க. படிச்சுப்போட்டு வரலைங்கறாங்களா?”

“அப்படித்தானுங்க காட்டுது.”

“இங்க நிக்கறவங்கெல்லாம் யாரு?”

“அவங்க பட்டனைத் தொடாம வந்தவங்களா இருக்குமுங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தார். போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

“தீவாளிக்கு அந்தப் பழைய மெசேஜே போட்டுருங்க தம்பி. அதுல யாரு வரலைன்னு நமக்குத் தெரியாதுல்ல.”